படகுக்கு ஒரு வரன்

தை மாதம் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாக இருந்த கல்யாணப் பேச்சு ஒரு மரப்பெட்டியால் நின்றுபோனது. சரியாகச் சொன்னால் இரண்டு மரப்பெட்டிகள்.

கார்த்திகைக் கடைசியில் அவை சேலத்திலிருந்து பஸ்ஸின் கூரையில் ஏறி, வளைவுக்கு வளைவு இடித்துக்கொண்டு ஏற்காடு வந்து சேர்ந்தன. பாறைக்காட்டு எஸ்டேட்டின் பிளேக்மோர் துரை மெட்ராஸ் கடைக்கு எழுதி வரவழைத்த மோட்டார்கள் உள்ளே இருந்தன. படகின் பின்பலகையில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் போதும், படகு தானாகப் போகும். இரண்டையும் ஓட்டிப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். துடுப்பே வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

ஏனென்றால் ஏரியில் துரையின் படகுக்குத் துடுப்புப் போடுகிறவர் பெரியண்ணன், ராசாத்தியின் அப்பா. மோட்டார்களைப் பார்த்து எது நல்லது என்று சொல்லும் பொறுப்பைத் துரை கொடுத்தது பொன்னுவேலிடம். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் என்ஜினை ஓட்டுகிறவன் அவன். ராசாத்தியின் தாய்மாமன் மகன். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அன்று மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ற கையில இருக்கற துடுப்பப் புடுங்கறவனுக்கு என்ற புள்ளயக் குடுக்கோணுமா?" என்றார் பெரியண்ணன், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு.

"அவனாங்க புடுங்கறான்? தொரை வாங்கறாரு. அவன் பார்த்துச் சொல்றான்" என்றாள் அவர் மனைவி அம்மணி. பொன்னுவேல் அவளுக்கு அண்ணன் மகன். அதனால் குழம்பைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள்.

"மாடு வாங்கறவன நான் கேக்க முடியாது. பல்லப் புடிச்சுப் பாக்கறவனத்தான் கேப்பேன்."

"அப்ப கல்யாணம்?"

"எந்தக் கல்யாணம்?" என்று கேட்டுவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார்.

அடுப்படியில் உட்கார்ந்திருந்த ராசாத்தி எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் அந்த வீட்டில் பயப்பட வேண்டும். அது அம்மணிக்குத் தெரியும், பெரியண்ணனுக்கு இன்னும் தெரியாது.

ராசாத்தி காப்பிக்கொட்டை காயும் களத்தில் கருப்புக் கொட்டை பொறுக்குகிறவள். களத்துக்கும் பல்ப்பர் ஷெட்டுக்கும் நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. மறுநாள் அந்தத் தொட்டியின் விளிம்பில் பலகை அடித்து, பொன்னுவேல் ஒரு மோட்டாரை மாட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ராசாத்திக்கு அடிக்கடி தாகம் எடுத்தது.

பெரிய மோட்டார் பளபளவென்று நிக்கல் பூச்சோடு இருந்தது. சின்னது பச்சைப் பெயின்ட் அடித்து, மூக்கு நீண்டு, கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி இருந்தது.

"எது மாமா புடிச்சிருக்குது?" என்று கேட்டாள், சொம்பைத் தொட்டியில் முக்கிக்கொண்டே.

"பெருசு பார்க்க லட்சணமா இருக்குது. கொரலும் கம்பீரமா இருக்குது."

"அப்ப அதயே பேசி முடிச்சிருங்க."

"எங்க முடிக்கறது. தூக்கி வெக்க ரெண்டாளு வேணும். பெட்ரோலு குடிக்கற குடி இருக்குதே, அது தனி. காலையில பனி விழுந்துச்சுன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது, எத்தன இழுத்தாலும் எந்திரிக்க மாட்டேங்குது. உள்ள ஒரு மரை கழண்டாலும் மெட்ராசுக்குத்தான் எழுதிப் போடோணும்."

"சின்னவரு?"

"சத்தம் தவளையாட்டம் இருக்கும். ஆனா கூப்ட்டா எந்திரிச்சுக்குது. ரெண்டு ஸ்பேனர்ல மொத்தமும் கழட்டிரலாம். என்ன கோளாறுன்னு அதுவே காட்டிக்குடுத்துருது. ஒளிச்சு வெக்கத் தெரியல."

ராசாத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எங்கம்மாவும் இதயேதான் சொன்னாங்க."

"மோட்டாரப் பத்தியா?"

"உங்களப் பத்தி" என்று சொல்லிவிட்டு, தொட்டியிலேயே சொம்பை விட்டுவிட்டுக் களத்துக்கு நடந்தாள்.

ஆனால் துரைக்குப் பெரியதன் மேல்தான் கண். அதனால் இரண்டையும் ஏரிக்குக் கொண்டுபோனார்கள். பெரிய மோட்டாரை மாட்டியதும் படகின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்தது. கொஞ்சம் வேகம் கொடுத்ததும் பின்பலகைக்கு மேலே அலை ஏறி, கூட வந்திருந்த துரைசாணியின் வெள்ளைப் பாவாடை முழங்கால் வரை நனைந்தது.

கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெரியண்ணன், "அது துடுப்புக்குன்னு செஞ்ச படகு. பொறத்தாலே பாரத்தக் கட்டுனா மூக்கத் தூக்காம என்ன பண்ணும்?" என்று முணுமுணுத்தார்.

"என்னங்க மாமா சொன்னீங்க?" என்றான் பொன்னுவேல்.

"உங்கிட்ட நான் ஒண்ணுஞ் சொல்லல. ஏரிகிட்டச் சொன்னேன்."

ஏரியிடம் சொன்னதைப் பொன்னுவேல் துரையிடம் சொன்னான், இன்னார் சொன்னார் என்று பெயரையும் சேர்த்தே சொன்னான். துரை நனைந்த பாவாடையை ஒருமுறை பார்த்தார், மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். சின்ன மோட்டார் தங்கியது. பெரியது மறுபடியும் பஸ்ஸின் கூரையில் ஏறிக் கீழே இறங்கிப்போனது.

தன் வாயாலேயே அந்தப் பச்சைச் சனியனுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டோம் என்பது பெரியண்ணனுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கோபத்தில்தான் அவர் அந்த வார்த்தையை விட்டார்.

"மாசியில தொரைசாணிக்குப் பொறந்த நாளாமா. மோட்டார்லயே ஏரியச் சுத்தி வந்து, கரையில டீ குடிக்கப் போறாங்களாமா. நல்லாச் சுத்தட்டும். துடுப்பு தண்ணியத் தொடாம அந்தப் படகு ஏரிய ஒரு சுத்துச் சுத்தி வந்துட்டா, அன்னைக்கே வெத்தல மாத்திக்கறேன். நடுவுல நின்னுச்சுன்னா உன்ற அண்ணன் மகன் வேற ஊட்டுல பொண்ணு பாத்துக்கட்டும்."

"பெத்த புள்ளய வெச்சுப் பந்தயம் கட்டுவாங்களா?" என்றாள் அம்மணி.

"பந்தயமில்ல. வாக்கு."

ராசாத்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஏனுங்கப்பா, மோட்டார் நின்னா நீங்க செயிச்சீங்க. ஓடுனா மாமா செயிச்சாங்க. எனக்கு என்னங்க கெடைக்கும்?"

பெரியண்ணன் வெற்றிலைச் செல்லத்தைத் தேடுகிற மாதிரி எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு பொன்னுவேல் அந்த மோட்டாரைக் கவனித்துக்கொண்ட விதத்தைப் பார்த்து எஸ்டேட்டே சிரித்தது. பெட்ரோலை மெல்லிய துணியில் வடிகட்டாமல் ஊற்ற மாட்டான். ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயை மூடி, உள்ளே மிச்சம் இருக்கிற சொட்டையும் ஓடித் தீர்க்கவிட்டுத்தான் நிறுத்துவான். தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி, துடைத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். இழுக்கும் கயிறு ஈரமானால் அதை என்ஜின் ஷெட்டில் சூட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவான்.

"என்னக் கட்டிக்கிட்டா என்ற தலமுடிக்கும் இப்படிச் சூடு காட்டுவீங்களா?" என்று ராசாத்தி கேட்டாள்.

"உங்கப்பன் கட்ட உட்டாப் பார்க்கலாம்."

பெட்ரோலில் எண்ணெயைக் கலந்துதான் அந்த மோட்டாருக்கு ஊற்ற வேண்டும். இதைப் பெரியண்ணன் படகுக் கொட்டகை ஓரமாக நின்று கண்ணால் பார்த்துவிட்டார். நேராக, கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரிடம் போனார். பால்காரன் பாலில் தண்ணீர் கலக்கிற மாதிரி துரை வாங்கிய பெட்ரோலில் இவன் கலப்படம் பண்ணுகிறான் என்றார். ரைட்டர் துரையிடம் போனார். துரை சிரித்துவிட்டு, அப்படிக் கலந்தால்தான் உள்ளே தேயாது, கலக்காவிட்டால்தான் தப்பு என்றார். பெரியண்ணன் திரும்பி வந்து, இரண்டு நாள் ஏரியிடம்கூடப் பேசவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மோட்டார் ஓடும்போது கரும்புகை கக்கியது. பொன்னுவேல் அதன் பக்கவாட்டில் இருந்த ஒரு ஊசியைத் திருகித் திருகிப் பார்த்தான்.

"மெட்ராஸ்ல அளவு பார்த்து வெச்ச ஊசி. அங்க காத்து கனம். இங்க மல மேல லேசு. பெட்ரோலக் கொறைச்சுக் குடுத்தாத்தான் புகையாம ஓடும்" என்றான்.

"காத்துல என்னங்க கனம், லேசு?"

"சேர்வராயன் மல ஏறுனா மூச்சு வாங்குதில்ல? அப்படித்தான்."

"எனக்கு வாங்கல. போன வருசக் கோயில் திருளாவுல பாதி வழியில உக்காந்தது யாருன்னு எனக்குத் தெரியும்."

"அன்னைக்குக் காலுல முள்ளு."

"ஆமாமா. ரெண்டு காலுலயும் முள்ளு."

அவன் பேச்சை மாற்றினான். தண்ணீருக்குள் சுற்றும் காற்றாடியைக் கழற்றி, அதன் நடுவே இருந்த ஒரு சின்ன ஆணியைக் காட்டினான். வேரோ கல்லோ காற்றாடியில் தட்டினால் முதலில் அந்த ஆணி ஒடியும், என்ஜின் பிழைத்துக்கொள்ளும் என்றான். அதற்காகவே அவன் இடுப்பு மடிப்பில் அதே மாதிரி ஆணிகளைத் துணியில் முடிந்து வைத்திருந்தான்.

"ரெண்டு பக்கத்து அடியயும் வாங்கிக்கிட்டு நடுவுல நிக்கறதா?" என்றாள் ராசாத்தி. "எங்கம்மாவாட்டம்."

அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. ஆணியை அதன் இடத்தில் வைத்து மெதுவாகத் தட்டினான்.

துரைசாணியின் பிறந்தநாள் வெள்ளிக்கிழமை வந்தது. கரையில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பங்களாச் சமையல்காரர் கேக்கைக் கொண்டுவந்து வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் பழம் எடுப்பு முடிந்திருந்ததால் பாதிப் பேர் ஏரிக்கரையில்தான் நின்றார்கள். பெரியண்ணனின் வாக்கு பக்கத்து ஊரான மஞ்சக்குட்டை வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

முந்தின நாள் மாலையே பொன்னுவேல் மோட்டாரைப் படகில் மாட்டி, எல்லாவற்றையும் பார்த்து, தண்ணீரில் நிற்கும் கால்பகுதியை மேலே தூக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். காலையில் வந்தபோது துரையும் துரைசாணியும் படகில் ஏறி உட்கார்ந்தே விட்டார்கள். அவன் உள்ளேயிருந்தபடியே மோட்டாரின் காலைத் தண்ணீரில் இறக்கினான். கயிற்றைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தான். தவளை எழுந்தது.

"எந்திரிச்சுக்கிச்சு" என்றாள் அம்மணி, கையைப் பிசைந்துகொண்டு.

"எந்திரிக்கறது பெருசில்ல. போய்ச் சேரோணும்" என்றார் பெரியண்ணன்.

படகு நன்றாகத்தான் போனது. நாணல் புதர்களைத் தாண்டியது, பெரிய பாறையைத் தாண்டியது, ஏரியின் அக்கரைக்குப் போய் வளைந்தது. திரும்பி வரும் வழியில், நட்டநடுவில், தவளைக்குத் தொண்டை கட்டியது. இருமியது. வெள்ளையாக ஆவி கிளம்பியது. பிறகு சத்தமே இல்லை.

கரையில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பெரியண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயித்த மனிதருடைய முகமாக அது இல்லை. ராசாத்தி மட்டும் அவரைப் பார்க்கவில்லை. அவள் சிவப்புச் சேலை கட்டியிருந்தாள், தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

நடு ஏரியில் பொன்னுவேல் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். சட்டியைப் போலக் கொதித்தது. ஆறட்டும், அதுவரை தொடக்கூடாது என்றான். ஆனால் காற்று படகைப் பாசிப் பக்கம் தள்ளியது, கரையில் கேக் காத்திருந்தது. துரை படகின் அடியில் கிடந்த துடுப்புகளை எடுத்துத் தாமே போட ஆரம்பித்தார்.

தண்ணீரைத் துடுப்பு தொட்டது. வாக்கு முடிந்தது.

துரைக்குக் குதிரை ஏறத் தெரியும், துப்பாக்கி பிடிக்கத் தெரியும். துடுப்புப் போடத் தெரியாது. படகு இடப்பக்கமாக ஒரு வட்டம் போட்டது. பிறகு இன்னொரு வட்டம் போட்டது. துரைசாணி தொப்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியண்ணன் ஒரு வட்டத்தைப் பொறுத்துக்கொண்டார். இரண்டாவதைப் பொறுக்க முடியவில்லை. "அட, வலது கையக் கொஞ்சம் உடுங்க சாமி. வெண்ணெயா கடையறீங்க?" என்று தமக்குள் புலம்பியபடி, கரையில் கிடந்த மீன்பிடிக்கிற சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு போனார். போய்க் கயிறு கட்டி இழுத்துவந்தார்.

கரைக்கு வந்ததும் பொன்னுவேல் தண்ணீரில் இறங்கி, மோட்டாரின் காலைத் தூக்கிப் பார்த்தான். அந்தக் காலில் சல்லடை போட்ட ஒரு துளை உண்டு. ஏரித் தண்ணீர் அதன் வழியே உள்ளே ஏறி, என்ஜினைச் சுற்றிக் குளிரவைத்து, பின்னால் இன்னொரு துளை வழியாக வெளியே கொட்டும். சல்லடையின் மேல் ஒரு மஞ்சள் செவ்வந்திப் பூ, இதழெல்லாம் உள்ளே உறிஞ்சப்பட்டு, அப்பிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி, கழுவியும் போகாத சந்தனம்.

"என்ன இது?" என்றார் துரை.

கூட்டத்தில் ஒருவன், "வேணும்னேதான் யாரோ அடைச்சிருக்காங்க" என்றான். அந்த 'யாரோ' யாரென்று சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. பெரியண்ணனின் காது சிவந்தது.

பொன்னுவேல் பூவைப் பிய்த்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "தண்ணியில மெதந்து வந்ததாட்டம் இருக்குதுங்க தொரை" என்றான்.

"மெதந்து வர்ற பூவு சந்தனம் பூசிக்கிட்டா வரும்?" என்று ஒரு குரல் கேட்டது. அது அம்மணியின் குரல். "ஏனுங்க, கோழி கூப்புடற நேரத்துல எந்திரிச்சு சந்தனம் ஒரசுனீங்களே, கோயிலுக்குன்னுதான நெனைச்சேன். இதுக்கா?"

பெரியண்ணன் ஏரியைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், தம் கால் விரல்களைப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழமை படகுக்குப் பொட்டு வெக்கறது எங்க வழக்கமுங்க. தண்ணியில போறதுக்குச் சந்தனம் வெச்சுப் பூ வெக்காம எறக்க மாட்டோம்."

"படகுக்கு வெச்சீங்க. மோட்டாருக்கு எதுக்குங்க?" என்றாள் அம்மணி விடாமல்.

"படகுல ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்குதல்ல அது. பந்தியில உக்காந்தவன உட்டுப்புட்டு அடுத்த எலைக்குப் போக முடியுமா?" அவர் குரல் தாழ்ந்தது. "தண்ணிக்குள்ள போறது அந்தக் காலுதான். அதுல பள்ளமா ஒரு எடம் இருந்துச்சு. பூவு உழாம நிக்கும்னு வெச்சேன்."

மார்கழி முதல் அந்த மோட்டாரைப் பிசாசு, சனியன், பேய்த் தவளை என்று கடைவீதி முழுக்கத் திட்டிக்கொண்டிருந்த மனிதர், யாருக்கும் தெரியாமல் அதற்குப் பூஜை போட்டிருக்கிறார் என்பது கூட்டத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் ஏரிக்கரையே சிரித்தது. துரைசாணி என்னவென்று கேட்டு, துரை சொல்ல, அவளும் சிரித்தாள். அடைத்தவன் என்ற பழியைக்கூடப் பெரியண்ணன் தாங்கியிருப்பார். இந்தச் சிரிப்பைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"தப்பு என்ற மேலயும் இருக்குதுங்க மாமா" என்றான் பொன்னுவேல். "பின்னால தண்ணி கொட்டுதான்னு பாத்துக்கிட்டே ஓட்டோணும். கொட்டலைன்னா ஒடனே நிறுத்திரோணும். நான் பாக்கல."

"அதப் பாக்காம வேற எங்க பாத்துக்கிட்டிருந்த?"

பொன்னுவேலின் கண் தானாகக் கரைப்பக்கம் போய், சிவப்புச் சேலையில் நின்று, அவசரமாகத் திரும்பி வந்தது. எல்லோருடைய கண்களும் அதன் பின்னாலேயே போய்த் திரும்பின. ராசாத்தி முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அம்மணி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"எப்படியோ, துடுப்பு தண்ணியத் தொட்டுருச்சு" என்றார் பெரியண்ணன், மிச்சம் இருந்த கௌரவத்தை எல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "வாக்கு வாக்குதான்."

அப்போது ராசாத்தி தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நேராகப் படகில் ஏறிப் பலகையில் உட்கார்ந்தாள்.

"மாமா, அது ஆறிருச்சுங்களா?"

"ஆறியிருக்கும்."

"அப்ப இழுங்க. நானும் ஒரு தடவ பாத்துக்கறேன். எனக்குன்னு ஒண்ணு கேட்டிருந்தனே, அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல."

துரை கேக் வெட்டப் போய்விட்டார். போகும்போதே, ஓட்டட்டும் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். பொன்னுவேல் சல்லடையைக் கழுவி, துளைக்குள் ஊதிப் பார்த்து, பிளக்கைத் துடைத்து மாட்டினான். கல்யாணம் ஆகாத பெண் ஒரு ஆண் பிள்ளையோடு தனியாகப் படகில் போவதா? பெரியண்ணன் மனைவியைப் பார்த்தார். அவள், "எனக்குத் தண்ணியப் பாத்தாத் தல சுத்துமுங்க" என்றாள். அதுவரை அவளுக்கு ஒரு தண்ணீரிலும் தலை சுற்றியதில்லை.

இந்தப் படகில் மோட்டார் இருக்கும் வரை காலை வைக்க மாட்டேன் என்று கடைவீதியில் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மோட்டாருக்கு முதுகைக் காட்டி, முன்னால் பார்த்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கயிற்றை இழுத்ததும் மோட்டார் எழுந்தது. பொன்னுவேல் இந்தமுறை கரையைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவளையும் பார்க்கவில்லை. பின்னால் கொட்டும் தண்ணீரை மட்டும் பார்த்தான்.

"கொஞ்சம் என்ற மூஞ்சியையும் பாக்கலாம், தப்பில்ல" என்றாள் ராசாத்தி.

"வேண்டாம் சாமி. ஒரு தடவ பாத்ததுக்கே கொதிச்சுப்போச்சு."

நாணல் நெருங்கியது. "எடது பக்கம் போனா வேரு இருக்குது" என்றார் பெரியண்ணன், ஏரியிடம். பொன்னுவேல் வலப்பக்கம் திருப்பினான். "இன்னுங் கொஞ்சம்." இன்னும் கொஞ்சம் திருப்பினான். "பாறைக்கு இந்தாண்ட ஆழமில்ல. அக்கட்டாலே போகோணும்." அக்கட்டாலே போனான். பெரியண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் படகு அந்தப் பக்கம் திரும்பியது. கை வலிக்கவில்லை, தோள் இழுக்கவில்லை. அவருக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது.

பாறையைத் தாண்டியபோது, "மாமா" என்றான் பொன்னுவேல். "பழம் எடுக்கற காலத்துல பல்ப்பர உட்டுட்டு என்னால ஏரிக்கு வர முடியாதுங்க. அப்பறம் இந்தப் பாசி, வேரு, பாறை, இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? நீங்க ஓட்டுனாத்தான் இது ஓடும். தொரைகிட்ட இத மார்கழியிலயே சொல்லிட்டேன். அவரும் சரின்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான் எங்கிட்டப் பேசலியே."

பெரியண்ணன் முதன்முதலாகத் திரும்பி உட்கார்ந்தார். மோட்டாரை நேருக்கு நேர் பார்த்தார். "அந்தக் கயித்த எந்தப் பக்கமாச் சுத்தோணும்?" என்று கேட்டார். பொன்னுவேலைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவன் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். ஏரியின் அக்கரை வந்து, வளைந்து, திரும்பினார்கள். காலையில் நின்ற இடத்துக்கு வந்தபோது மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். மோட்டார் நிறுத்தவில்லை.

"ஏனுங்கப்பா" என்றாள் ராசாத்தி. "துடுப்பு நனையலைங்க."

"பாத்தேன்."

"ஏரிய ஒரு சுத்து வரோணும்னுதான் சொன்னீங்க. உள்ள யாரு உக்காந்திருக்கோணும்னு சொன்னீங்களா?"

பெரியண்ணன், "சொல்லல" என்றார். "மொதச் சுத்துதான் கணக்குன்னும் சொல்லல." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கண்ணு, நீ கேட்டியே, உனக்கு என்ன கெடைக்கும்னு. எனக்கு அன்னைக்குப் பூராத் தூக்கமே வரல. அதச் சொல்லிப்போடறேன்."

ராசாத்தி அப்பாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சேர்வராயன் திருளா முடியட்டும். வைகாசியில ஒரு நல்ல நாளப் பாத்து வெச்சுக்கலாம்" என்றார் அவர்.

"வைகாசிங்களா? வெத்தல இன்னைக்கேன்னு சொன்னீங்க."

"வெத்தல இன்னைக்குத்தான். கல்யாணத்தச் சொன்னேன்."

"பங்குனியில நாளே இல்லைங்களா அப்பா?"

"பொட்டப்புள்ள பேசற பேச்சப் பாரு" என்றார் பெரியண்ணன் பொன்னுவேலிடம். "இதத்தான் கட்டிக்கப் போறியா? நல்லா யோசன பண்ணிக்கப்பா. மெட்ராசுக்குத் திருப்பி அனுப்ப முடியாது."

"யோசன பண்ணித்தானுங்க மாமா பொறுக்குனேன்" என்றான் பொன்னுவேல், கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல்.

கரையில் அம்மணி அவர்கள் முகங்களைத் தூரத்திலிருந்தே படித்துவிட்டாள். படகு சேருவதற்கு முன்பே, ஒரு தாம்பாளமும் வெற்றிலையும் கேட்டு, பங்களாச் சமையல்காரரிடம் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள்.